தவிலையும் தாலாட்டையும் பதியும் கருவி எது? மூன்று பிளேயர்களுடன் இருபது ஆண்டுகள்

பாட்டுக் கேட்பதற்கும், தானே ஒலிப்பதிவு செய்வதற்கும், கோப்புகளைச் சேர்த்து வைப்பதற்கும் பயன்படும் கையடக்கக் கருவிகள் மூன்று என்னிடம் இருக்கின்றன. முதலாவது, 2004 இல் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த சின்ன மாமா எனக்காக வாங்கிவந்த ஐரிவர் ஐ.எச்.பி.-120. இரண்டாவது, 2012 இல் கும்பகோணத்துக் கடைத்தெருவில் 800 ரூபாய் கொடுத்து வாங்கிய, பெட்டியின்மேல் தயாரிப்பாளர் பெயரே இல்லாத ஒரு சிறிய எம்.பி.3 பிளேயர். மூன்றாவது, 2021 இல் வாங்கி இன்றுவரை பயன்படுத்திவரும் டாஸ்கம் டி.ஆர்.-05எக்ஸ். குடவாசலுக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தில் கோயில் மேளம், ஓதுவாரின் தேவாரம், நடவுப் பாட்டு, வீட்டுத் தாலாட்டு ஆகிய நான்கையும் இவற்றில் பதிந்து பார்த்திருக்கிறேன். பாட்டைத் திரும்ப ஒலிப்பதில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பதிவதில் உள்ள வேறுபாடோ மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆகவே இந்த மதிப்புரை பெரும்பாலும் ஒலிப்பதிவைப் பற்றியதாகவே இருக்கும்.

ஒலிப்பதிவைப் பொறுத்தவரை காவிரிப் படுகை ஒரு கடினமான தேர்வுக்களம். நாகசுரமும் தவிலும் திறந்த வெளிக்காகப் பிறந்த வாத்தியங்கள். தேரோடும் வீதியின் ஒரு முனையில் ஒலித்தால் மறு முனையில் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவை அப்படி அமைந்தன. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படும் நாகசுரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த நாகசுரத்தின் எதிரே பத்தடி தூரத்தில் ஒரு சாதாரண மைக்கை நீட்டினால், மைக் தாங்குவதில்லை. அதே கருவியை அன்று மாலையே திண்ணையில் அமர்ந்து பேரனைத் தூங்கவைக்கும் ஒரு கிழவியின் முன்னால் வைத்தால், அந்த மெல்லிய குரலைவிடக் கொல்லையில் கத்தும் தவளைகள்தாம் பெரிதாகப் பதிவாகின்றன. மிகப் பெரிய ஓசை, மிகச் சிறிய ஓசை ஆகிய இரண்டையும் ஒரே கருவி சமாளிக்க வேண்டுமென்றால், உள்ளே வரும் ஒலியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் பதிபவரின் கைக்கு அதிகாரம் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. எத்தனை பாட்டுப் பிடிக்கும், திரை வண்ணமா கறுப்பு வெள்ளையா என்பவைதாம் அங்கே பேச்சாக இருக்கும்.

பாட்டுக் கேட்கும் கருவியும் பதியும் கருவியும் ஏன் இப்படிப் பிரிந்து வளர்ந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1998 இல் கொரியாவின் எம்.பி.மேன் எஃப்10, அதே ஆண்டில் அமெரிக்காவின் ரியோ பி.எம்.பி.300 ஆகியவை கையடக்க எம்.பி.3 பிளேயர்களாகச் சந்தைக்கு வந்தன. ரியோவின் நினைவகம் 32 மெகாபைட். நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஏறத்தாழ அரை மணி நேரப் பாட்டுக்கு மட்டுமே அதில் இடம். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் அக்கருவியின் விற்பனையைத் தடுக்க வழக்குத் தொடுத்தது. 1999 ஜூன் மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், கணினியிலிருந்து கோப்பை மட்டுமே பெற்றுக்கொள்ளும் இக்கருவி அந்நாட்டுச் சட்டம் குறிப்பிடும் ‘ஒலிப்பதிவுக் கருவி’ ஆகாது என்று தீர்ப்பளித்தது. பதியாத கருவி என்பதால் அது பிழைத்தது. 2001 அக்டோபரில் 5 கிகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் வந்த ஐபாடும் தானாக எதையும் பதியவில்லை. உலகம் முழுவதும் மக்கள் பிளேயர் என்றால் கேட்பதற்கு மட்டும் என்று பழகிப்போனார்கள். விதிவிலக்காக, பிரான்சின் ஆர்க்கோஸ் நிறுவனம் 2002 இல் நேரடியாக எம்.பி.3 ஆகப் பதியும் ஜூக்பாக்ஸ் ரெக்கார்டரை வெளியிட்டது. அடுத்த ஆண்டு வந்த ஐரிவர் ஐ.எச்.பி.-120 அந்த வழியில் இன்னும் நெடுந்தூரம் சென்றது.

மாமா அதைக் கையில் கொடுத்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சீட்டுக்கட்டைவிடச் சற்றே பெரிய, 160 கிராம் எடையுள்ள அந்தப் பெட்டிக்குள் 20 கிகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. கணினியில் இணைத்தால் தனி மென்பொருள் எதுவும் கேட்காமல் ஒரு சாதாரண வட்டுபோலத் திறந்துகொண்டது. பாட்டு, பாடக் குறிப்பு, புகைப்படம் என்று எதையும் அதில் போட்டு எடுத்துச் செல்ல முடிந்தது. கல்லூரிக் கணினி அறைக்கும் வீட்டுக்கும் இடையே பென் டிரைவுக்குப் பதிலாக அதைத்தான் நான் சுமந்தேன். அதன் உண்மையான பெருமை மேற்புறத்தில் இருந்த துளைகளில் இருந்தது. வெளி மைக்கைச் செருகலாம். லைன் இன் வழியாக இன்னொரு கருவியின் ஒலியை நேரே வாங்கலாம். ஒளியிழை வழியாகவும் உள்ளே வாங்கலாம், வெளியே அனுப்பலாம். எம்.பி.3 ஆக நொடிக்கு 320 கிலோபிட் வரையிலும், சுருக்கம் இல்லாத வேவ் கோப்பாக, ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்தும் பதியலாம். உள்ளிருக்கும் மைக் ஒற்றைத் தடம். அது பேச்சுக் குறிப்புக்காக வைக்கப்பட்டது, இசைக்காக அன்று. தட்டுச் சுழலும் எந்தக் கருவியிலும் உள் மைக்கை நம்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிந்ததை எழுதத் தட்டு விழித்துச் சுழலும் ஒவ்வொரு முறையும் அதன் மெல்லிய முனகல் பதிவுக்குள் நுழைந்துவிடும்.

லைன் இன் என்பதன் மதிப்பை நான் கற்றது கோயில் மைக் செட்காரரிடம். பங்குனித் திருவிழாவில் ஓதுவார் தேவாரம் பாடியபோது, குழாய் ஒலிபெருக்கியின் எதிரே நின்று பதிந்தால் குரலோடு கூட்டத்தின் இரைச்சலும் எதிரொலியும் சேரும் என்று சொல்லி, அவரே தம் கலவைப் பெட்டியின் பின்புறத்திலிருந்து ஒரு கம்பியை என் கருவிக்கு இழுத்துக் கொடுத்தார். மைக் துளைக்கு வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. லைன் துளைக்கு வருவது அதைப்போலப் பல மடங்கு. துளை மாறிச் செருகினால் ஒலி கரகரத்து உடைந்துவிடும் என்பதையும் அவர்தாம் எச்சரித்தார். அன்று பதிந்த தேவாரம் இன்றும் என்னிடம் பழுதில்லாமல் இருக்கிறது. பக்கத்தில் அமர்ந்து கேட்பதுபோல மூச்சு இழுக்கும் ஒலிகூடத் தெரிகிறது. அதே துளை வழியாகத்தான் தாத்தா சேர்த்து வைத்திருந்த ஒலிநாடாக்களையும் எடுத்தேன். ஐப்பசி கார்த்திகை மழையில் நாடாக்களின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிடும் ஊர் எங்களுடையது. டேப் ரெக்கார்டரிலிருந்து கணினியின் துணையின்றி நேரே இதற்குள் பதிந்துகொள்ள முடிந்ததால், ஒரு மழைக்காலத்துக்குள் ஏறத்தாழ நாற்பது நாடாக்களை மீட்டோம்.

அந்த ஐரிவருக்கு இன்னொரு வாழ்வும் கிடைத்தது. சுவீடனைச் சேர்ந்த பியோன் ஸ்டென்பெரியும் நண்பர்களும் 2001 இன் இறுதியில் ஆர்க்கோஸ் கருவிகளுக்காக எழுதத் தொடங்கிய ராக்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள், பின்னர் ஐரிவருக்கும் வந்தது. அதை ஏற்றிய பிறகு, ஒலி எல்லை மீறும்போது எச்சரிக்கும் வசதியும், பதிவுப் பொத்தானை அழுத்துவதற்குச் சில நொடிகளுக்கு முன்பிருந்தே பதிந்துவைக்கும் வசதியும் கிடைத்தன. பின்னதன் அருமை நடவு வயலில்தான் தெரியும். குலவை எப்போது எழும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எழுந்த பின் பொத்தானைத் தேடினால் பாதிக் குலவை போய்விடும்.

2011 வாக்கில் ஐரிவரின் பேட்டரி வயதாகி ஓய்ந்தது. வேறு பேட்டரி வாங்கிப் பொருத்தும் வழி அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் இரண்டாவது கருவியை வாங்கினேன். கட்டைவிரல் அளவு, ஒரு சிறு பென்சில் செல்லில் ஓடும், பண்பலை வானொலியும் உண்டு, பெட்டியின்மேல் ‘ஒலிப்பதிவு’ என்றும் எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லை நம்பி நான் இழந்தது பெரிது.

என் அப்பாயிக்கு அப்போது எண்பது வயதைக் கடந்திருந்தது. சம்பா நடவுக்குப் போன காலத்தில் பாடிய பாட்டுகள் அவருக்கு வரிசையாக நினைவில் இருந்தன. ஒரு நாள் பிற்பகல் தாமாகவே மனம் வைத்துத் திண்ணையில் அமர்ந்து நாற்பது நிமிடம் பாடினார். முடித்தபோது கருவியின் திரை அணைந்திருந்தது, செல் தீர்ந்துபோயிருந்தது. புதுச் செல் போட்டுப் பார்த்தால் கோப்பின் பெயர் இருந்தது, அளவு சுழியம் என்று காட்டியது. வேவ் கோப்பின் தலைப்பகுதியில் ஒலியின் நீளம் எவ்வளவு என்ற விவரம் எழுதப்பட வேண்டும். மலிவான கருவிகள் பதிவை நிறுத்தும்போதுதான் அதை எழுதுகின்றன. நிறுத்துவதற்குமுன் மின்சாரம் போனால் உள்ளே தரவு இருந்தும் கோப்பு வெறுமையாகத் தெரியும். இதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அப்போதே தெரிந்திருந்தால், அதன்மேல் வேறெதையும் பதியாமல் கருவியை அப்படியே வைத்திருந்து, மீட்புத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருப்பேன். தெரியாமல் மறுநாளே அதே கருவியில் மறுபடி பதிந்தேன். அப்பாயி இரண்டாம் முறை பாடியது பன்னிரண்டு நிமிடம். முதல் நாள் வந்த பாட்டுகளில் பாதி திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

எஞ்சியுள்ள அந்தப் பன்னிரண்டு நிமிடங்களை ஆராய்ந்தபோது கருவியின் உண்மை வெளிப்பட்டது. அது ஒலியலையை நொடிக்கு 8,000 முறை மட்டுமே அளந்திருந்தது. அளக்கும் எண்ணிக்கையின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் பதிவில் இடம்பெற இயலாது என்பது ஒலிப்பதிவின் அடிப்படை விதி. ஆகவே 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஓசை முழுவதும் வெட்டப்பட்டிருந்தது. சகரத்தின் சீற்றம் அந்த எல்லைக்கு மேல்தான் மிகுதி. அப்பாயி ‘சாமி’ என்று பாடிய இடமெல்லாம் தொலைபேசியில் கேட்பதுபோல மழுங்கியிருக்கிறது. அமைப்புப் பட்டியலில் தரத்தை உயர்த்தும் வழி எதுவும் அக்கருவியில் இல்லை. அதைவிட மோசம், தானாக ஒலியளவைத் திருத்தும் ஏற்பாடு. அப்பாயி மூச்சுவிட நிறுத்தும் ஒவ்வொரு முறையும், அமைதியைக் கண்ட கருவி தன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காக்கைக் கரைதலையும் தெருவில் போன பேருந்தின் ஹாரனையும் மேலே தூக்கியிருக்கிறது. அவர் பாடத் தொடங்கியதும் குரலை அமுக்கியிருக்கிறது.

அதே 800 ரூபாய்க் கருவியைப் பற்றி நன்றியோடு சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசிகள் செத்துக் கிடந்தன. கோபுரங்களும் வேலை செய்யவில்லை. பெட்டிக்கடையில் கிடைத்த பென்சில் செல்லை அதில் போட்டு, இயர்போன் கம்பியையே வானலை வாங்கியாகக் கொண்டு இயங்கும் அதன் பண்பலை வானொலியில்தான் எங்கள் தெருவே செய்தி கேட்டது. கழற்றி மாற்றக்கூடிய செல் என்பது படுகையில் வாழ்பவர்களுக்கு எத்தனை முக்கியம் என்பதை அந்த வாரம் கற்பித்தது. மூன்றாவது கருவியைத் தேர்ந்தெடுத்தபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

டாஸ்கம் டி.ஆர்.-05எக்ஸ், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டு ஏஏ செல்களில் ஓடுகிறது, தேவைப்பட்டால் யூ.எஸ்.பி. வழியாகப் பவர் பேங்கிலிருந்தும் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மைக்ரோ எஸ்.டி. அட்டை 128 கிகாபைட் வரை ஏற்கும். இதன் தலையில் இடப்புறமும் வலப்புறமும் எல்லாத் திசையிலும் கேட்கும் மைக்குகள் இரண்டு இருக்கின்றன. 125 டெசிபல் வரையிலான ஓசையை அவை தாங்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. வேவ், எம்.பி.3 ஆகிய இரண்டிலும் பதியலாம். அட்டையில் இசைக்கென்று உள்ள உறையில் பாட்டுகளைப் போட்டால் பிளேயராகவும் வேலை செய்யும். பேருந்தில் பாட்டுக் கேட்க மட்டுமே ஒரு கருவி வேண்டுமென்பவருக்கு இது பொருந்தாது. சட்டைப் பையில் சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கும், வானொலியும் கிடையாது. இதன் விலையில் இரண்டாவது கருவியைப்போலப் பத்து வாங்கிவிடலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2023 வைகாசியில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருவிழாவின்போது மூன்றையும் ஒன்றாக வைத்துச் சோதித்தேன். ஐரிவருக்கு அதற்குள் புதிய பேட்டரி போட்டிருந்தேன். ஒரு சிறு வெளி மைக்கையும் அதில் செருகினேன். நாயனக்காரரிடமும் தவில்காரரிடமும் முன்பே அனுமதி கேட்டேன். அவர்கள் வாசிப்பு அவர்களுடைய பிழைப்பு. கேட்காமல் கருவியை நீட்டுவது முறையன்று என்பதோடு, கேட்டால் எங்கே நின்றால் நன்றாக விழும் என்பதையும் அவர்களே சொல்லித் தருகிறார்கள். தவிலின் தொப்பிப் பக்கம் கழி விழும் இடம். அங்கே நின்றால் அடி மட்டுமே பதிவாகும். நாயனத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேர் எதிரிலும் நிற்காமல், இரண்டுக்கும் நடுவே விலகிப் பதினைந்தடி தள்ளி, முக்காலி ஒன்றில் மூன்று கருவிகளையும் கட்டி வைத்தேன். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி தொடங்கியது.

மலிவுக் கருவியின் பதிவை மறுநாள் காலையில் நாயனக்காரருக்குப் போட்டுக் காட்டியபோது அவர் முகம் சுருங்கியது. “தம்பி, என் நாயனம் தண்ணிக்குள்ள முங்கி முங்கி எந்திரிக்குதே” என்றார். அதைவிடத் துல்லியமாக அந்தக் குறையை யாரும் விளக்கிவிட முடியாது. ஒவ்வொரு தவில் அடிக்கும் கருவி பயந்து ஒலியளவை இறக்குகிறது. அடியின் வேகம் அடங்கியபின் மெல்ல மெல்ல ஏற்றுகிறது. ஏறுவதற்குள் அடுத்த அடி விழுகிறது. இடையில் அகப்பட்ட நாகசுரம் மூழ்கியும் எழுந்தும் தத்தளிக்கிறது. கைப்பேசியில் பதிந்தாலும் இதுவே பெரும்பாலும் நேர்கிறது. பேச்சுக்காக வடிவமைக்கப்பட்ட இரைச்சல் நீக்கி அதில் இயங்கினால் இன்னொரு தீங்கும் சேரும். மாறாமல் ஒரே நிலையில் ஒலிப்பது எதுவோ அதைச் சத்தம் என்று கருதி அகற்றுவது அதன் வேலை. நாயனத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து என்ற குழலும் சுருதிப் பெட்டியும் மாறாமல் ஒலிப்பவை என்பதால் அவற்றையும் மின்விசிறியின் இரைச்சலைப்போல எண்ணித் தேய்த்துவிடுகிறது. சுருதி போன நாயனத்தைக் கேட்பது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஐரிவர், ஒலியளவை முன்கூட்டியே கையால் வைத்துவிட்டதால், நேர்மையாகப் பதிந்திருந்தது. வெளி மைக்கின் தரம் எவ்வளவோ அவ்வளவு வந்தது. இருபது வயதை எட்டும் கருவிக்கு அது மதிப்பான தேர்ச்சி.

டாஸ்கமின் பதிவைக் கேட்டபோதுதான் நாயனக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நொடிக்கு 48,000 அளவீடு, ஒவ்வோர் அளவையும் எழுத 24 பிட் என்று வைத்து, தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்து, உச்ச அடியின்போதும் சுழியத்தை உச்ச எல்லையாகக் கொண்ட திரையிலுள்ள அளவுகோல் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி உள்ளீட்டைக் குறைத்து வைத்திருந்தேன். புதிதாகப் பதிபவர்கள் அளவுகோல் நிறைந்து நின்றால்தான் நல்ல பதிவு என்று எண்ணுகிறார்கள். 16 பிட்டில் மிகச் சிறிய ஓசைக்கும் மிகப் பெரிய ஓசைக்கும் இடையே கொள்கை அளவில் 96 டெசிபல் இடைவெளி உண்டு. 24 பிட்டில் 144 டெசிபல். நடைமுறையில் மைக்கின் சொந்த இரைச்சல் இதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும் என்றாலும், குறைத்துப் பதிந்ததைப் பின்னால் உயர்த்திக்கொள்ள இடம் மிஞ்சுகிறது. எல்லை மீறி நறுக்கப்பட்ட அலையை மட்டும் எவராலும் ஒட்டவைக்க முடியாது. மல்லாரியின் வேகத்தில் தவில்காரரின் விரல்கூடுகள் வலப்பக்கத் தோலான வலந்தலையில் விழும் ஒவ்வோர் ஒலியும் தனித்தனியாகப் பிரிந்து கேட்டது. அடிகளுக்கு நடுவே நாகசுரம் சிறிதும் அசையாமல் நின்றது. பின்னிரவில் பள்ளியறைக்கு முன் வாசித்த நீலாம்பரி ராகத்தை, முன்போலவே பதினைந்தடி தூரத்தில் வைத்து, உள்ளீட்டை மட்டும் உயர்த்திப் பதிந்தேன். நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியில் மூச்சு நுழையும் தொடக்க ஓசைவரை அதில் இருக்கிறது. நாணல் வகைத் தட்டையில் செய்த அந்தச் சிறு சீவாளியின் ஈரம் ஏறஏற நாதம் குழைவதையும் காது பிரித்தறிகிறது.

எம்.பி.3 ஆகப் பதிவதா, வேவ் ஆகப் பதிவதா என்று பலரும் கேட்கிறார்கள். பேச்சுக்கும் தாலாட்டுக்கும் நொடிக்கு 192 கிலோபிட் எம்.பி.3 போதும், மணிக்கு 86 மெகாபைட்தான் ஆகும். தவில் என்றால் வேவ் மட்டுமே என்பது என் முடிவு. காதுக்கு மறைந்துபோகும் ஓசைகளைக் கழித்துச் சுருக்குவது எம்.பி.3 இன் வழி. அந்தக் கழித்தல் சிறு சிறு காலத்துண்டுகளாக நடப்பதால், திடீரென்று விழும் ஓர் அடியின் இரைச்சல் அந்தத் துண்டு முழுவதும் பரவி, அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே மங்கலாகக் கேட்கத் தொடங்கிவிடும். தரத்தைக் குறைக்கக் குறைக்க இது வெளிப்படையாகத் தெரியும். தவிலின் கூர்மை அங்கேதான் போகிறது. 44,100 அளவீடு, 16 பிட், இரட்டைத் தடம் என்றால் வேவ் கோப்பு மணிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட். 32 கிகாபைட் அட்டையில் ஐம்பது மணி நேரம் அடங்கும். ஒரு முழுத் திருவிழாவையே பதிந்துவிடலாம். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் விரித்த தோடி ராகத்தை, பக்கத்துக்குச் சில நிமிடமே ஓடும் இசைத்தட்டில் சுருக்கித் தர வேண்டியிருந்த காலத்தை எண்ணும்போது, நம் கையிலுள்ள இடத்தின் அளவு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இரவு முழுவதும் விடாமல் பதிபவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அட்டைகளில் பொதுவாக உள்ள எஃப்.ஏ.டி.32 என்ற அமைப்பில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. 24 பிட், 48,000 அளவீட்டில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் அந்த எல்லை வந்துவிடும். நல்ல ரெக்கார்டர்கள் தாமே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடுகின்றன. மலிவானவற்றில் என்ன நடக்கும் என்று வீட்டிலேயே ஓர் இரவு ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

கோப்புகளைச் சேர்த்து வைக்கும் பணியில் தமிழருக்கென்று ஒரு தொல்லை உண்டு. தமிழில் பெயரிட்ட கோப்புகள் இத்தகைய கருவிகள் பலவற்றின் திரையில் கட்டங் கட்டமாகத் தெரிகின்றன. சிலவற்றில் எழுத்துத் தெரிந்தாலும் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆகவே கருவியில் எண்ணும் தேதியும் மட்டும் கொண்ட பெயரை விட்டுவிட்டு, யார் பாடியது, எந்த ஊர், என்ன பாட்டு என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிப் பதிந்துவிடுகிறேன். குறிப்பேடு தொலைந்தாலும் குரல் கோப்புக்குள்ளேயே இருக்கும். கருவியின் கடிகாரத்தைச் சரியாக வைப்பதும் அவசியம். கடிகாரம் இல்லாத என் இரண்டாவது கருவியில் எந்தக் கோப்பும் உண்மையான நாளைக் காட்டவில்லை. பதிந்த அன்றே கணினிக்கு ஒரு படியும், தனி ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு படியும் எடுத்த பிறகே அட்டையை அழிக்கிறேன்.

நான் எதிர்பாராத ஒரு பயனும் டாஸ்கமில் கிடைத்தது. சுருதி மாறாமல் ஓட்டத்தின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம்வரை குறித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கவும் செய்யலாம். நாயனக்காரரின் பேரன் அவரிடமே பயில்கிறான். தாத்தா ஒரு முறைக்கு மறுமுறை வேறு விதமாக வாசிப்பவர். அதே பிடியை மறுபடி வாசியுங்கள் என்று கேட்க அவனுக்குத் தயக்கம். அந்த மல்லாரியில் ஒரு பிடியைக் குறித்து, வேகத்தைக் குறைத்துக் கொடுத்தேன். மாலை முழுவதும் கொல்லைப்புறத்தில் அமர்ந்து கேட்டுக் கேட்டு வாசித்தான். பெரியவர் திண்ணையிலிருந்தபடியே செவிமடுத்துவிட்டு, “இந்தப் பெட்டிய ரெண்டு நாளு இங்கயே வச்சிட்டுப் போங்க தம்பி” என்றார். இரண்டு நாள் என்பது இரண்டு வாரமாயிற்று.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள் மிச்சமிருக்கின்றன. மெமரி கார்டை ரசீது தரும் கடையில் தனியாக வாங்குங்கள். 64 கிகாபைட் என்று அச்சிட்ட போலி அட்டைகள் உண்மையில் அதில் எட்டில் ஒரு பங்கே கொண்டவையாக இருப்பதுண்டு. உண்மையான இடம் நிறைந்தபின் வருவதெல்லாம் பழையதன்மேல் எழுதப்பட்டோ எங்கும் சேராமலோ போய்விடும், எச்சரிக்கையும் வராது. வாங்கிய அன்றே அட்டையை முழுவதும் நிரப்பி, எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அடுத்தது காற்று. எல்லாத் திசையிலும் கேட்கும் மைக் ஆடிக் காற்றில் ‘படபட’வென்று அடித்துக்கொள்ளும், வயல்வெளியில் அது பாட்டையே மூடிவிடும். மைக்கின்மேல் போடும் மயிருறை தனியாக விற்கிறார்கள். அது வந்து சேரும்வரை நான் பழைய கம்பளித் துண்டு ஒன்றை இரட்டையாக மடித்துத் தைத்துப் போர்த்தியிருந்தேன். சென்ற ஆடியில் வாய்க்கால் மேட்டில் பதிந்த நடவுப் பாட்டு முழுவதும் அதற்குள்ளிருந்து கேட்டதுதான்.